சிவப்புப் பனியைக் கண்டவருக்குச் சம்பளமில்லாச் சக ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

விண்ணில் சுழலும் கோளை விழியாகக் கொண்டு, வெண்பனியில் படரும் செம்பாசியை வேவு பார்த்த வித்தகியே! கூவக்கரையில் பிறந்து குளிர்மலையின் குணமறிந்த கோமகளே! பெயரில் தமிழும், கட்டுரையில் ஆங்கிலமும், கோபம் வந்தால் சிந்தாதிரிப்பேட்டையும் பிசகாமல் காத்துவரும் பெருமாட்டியே! மேற்கு மாம்பலம் பொன்மணி அடுக்ககத்து இரண்டாம் மாடியின் எழில்விளக்கே! முனைவர் தமிழ்மொழி அம்மையீர், வணக்கம்! எங்கள் அனைவரின் வணக்கத்தோடு, குழம்பு இன்னும் கொதிக்கவில்லை என்று கீழேயே நின்றுவிட்ட முதல் மாடியாரின் வணக்கத்தையும் சேர்த்து ஏற்றருள்க!

தங்கள் அடையாற்று அலுவலகத்தார் சென்ற வெள்ளியன்று பணி ஓய்வு விழாவில் வழங்கிய பாராட்டு மடலை நாங்கள் படித்துவிட்டோம். பெரிய சட்டம், பெரிய கண்ணாடி. ஆட்டோவிலிருந்து இறக்கும்போது உடைந்துவிடக் கூடாதே என்று நாலு பேர் பிடித்தோம். பிடித்தது கை, படித்தது கண். இதில் குற்றம் காண்பவர் காணட்டும். அழகான மடல்தான். 'தொலையுணர்வுத் துறையின் தூணே' என்று தொடங்கிப் பல்லாண்டு பாடி முடிகிறது. ஆனால் அம்மையீர், அதில் தங்கள் பால்கனி இல்லை. வேப்பிலை இல்லை. தங்கள் கணவர் கோதண்டபாணி ஐயா, 'குடும்பத்தினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள், தியேட்டரில் தூணுக்குப் பின்னால் சீட்டு கிடைத்தவரைப் போல மறைந்து கிடக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் இல்லை. ஆண்டுக்கணக்கில் தங்கள் ஆராய்ச்சியைக் காதாலேயே கற்றுத் தேர்ந்த எங்களை விட்டுவிட்டு எழுதிய மடல் முழுமை பெறுமா? ஆகவே இந்த இரண்டாம் மடல்.

இன்று இந்த மொட்டைமாடியில் கூடியிருக்கும் உறவினர்களுக்காக ஒரு விளக்கம். அம்மையார் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், கே.கே. நகர்ச் சம்பந்தி வீட்டார் இன்னமும் 'வானிலை, மழை வருமா வராதா' என்கிறார்கள். இல்லை. இமயத்தில் ஒரு பனியாறு இருக்கிறது; அதன் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கோடையில் அதன் மேற்பனி இளகியதும் அங்கே ஒரு பாசி முளைக்கும். பாசி என்றால் பச்சை என்று நினைப்பீர்கள். அது நம் தண்ணீர்த் தொட்டிப் பாசி. மலைப்பாசி கடும் வெயிலுக்கு அஞ்சிச் சிவப்புப் போர்வை போர்த்திக்கொள்ளும். அதனால் வெள்ளைப் பனி முதலில் ரோஜா நிறமாகும், அப்புறம் சிவக்கும். சிவந்த பனி வெயிலை விழுங்கும், விழுங்கினால் உருகும், உருகினால் தண்ணீர், தண்ணீர் கண்ட இடத்தில் மேலும் பாசி. இந்தப் பொல்லாத வட்டம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு பெருகுகிறது என்பதைச் செயற்கைக்கோள் அனுப்பும் படங்களிலிருந்து அளந்து வந்தவர் நம் அம்மையார். முதலில் அதைப் பாலைவனப் புழுதி என்று சிலர் ஒதுக்கினார்கள். மேகத்தின் பிழை என்று சிலர் துடைத்துப் போட்டார்கள். 'புழுதியா இருந்தா, உருக உருக வளருமா?' என்று கேட்டு, அந்தச் சிவப்புக்குள்ளே இலைப்பச்சைக்குரிய ஒளியின் சாடை ஒளிந்திருப்பதையும் எடுத்துக்காட்டி நின்றவர் தாங்கள். அலுவலகத்தார் இதை 'விடாமுயற்சி' என்று எழுதியிருக்கிறார்கள். இதே குணத்தை நம் அடுக்ககத்தில் தண்ணீர் லாரிக்காரரிடம் தாங்கள் காட்டியபோது நாங்கள் வேறு பெயரிட்டு அழைத்தோம்; அது இந்த மடலுக்கு ஆகாது.

இனிப் பால்கனிக்கு வருவோம். கோதண்டபாணி ஐயா கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டியவர். சிக்னலின் நிறம் பார்த்துப் பிழைத்த அந்தக் கண்களைக் கண் அழுத்த நோய் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. வேலையை விட்டார். இன்று அவருக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. அவர் வேலையை விட்ட ஆண்டில்தான் தாங்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினீர்கள். மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும், கைப்பையைக்கூட இறக்காமல், பால்கனியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று வந்த படத்தை வாயால் வரைந்து காட்டுவீர்கள்.

"இன்னிக்கு மேகம் விலகிடுச்சுங்க. எடது பக்கச் சரிவு முழுசா தெரியுது."

"சிவப்பா?"

"சிவப்புதான்."

"எந்தச் சிவப்பு? சிக்னல் சிவப்பா, செங்கல் சிவப்பா?"

"அவ்ளோ இல்ல. ஆரத்தித் தண்ணிய வாசல்ல ஊத்தி, மேல ஒரு மழ பேஞ்சா எப்பிடி இருக்கும்? அப்பிடி."

அம்மையீர், எங்கள் பால்கனிகள் தங்கள் பால்கனிக்கு மேலும் கீழும் பக்கத்திலும் இருப்பது கட்டடம் கட்டியவர் செய்த பிழை, எங்கள் பிழையன்று. ஆனால் அந்த நேரத்துக்கு டிவி சத்தத்தைக் குறைத்தது நாங்கள்தான் என்பதை இச்சபையில் மறைக்கவில்லை. சீரியலில் மருமகள் என்ன ஆனாள் என்று தெரியாமல் போன மாலைகள் உண்டு. பனியாற்றின் இடதுசரிவு என்ன ஆயிற்று என்று தெரியாத மாலை இல்லை. மேகம் மூடி, தாங்கள் 'இன்னிக்கு ஒண்ணும் தெரியல' என்று சொன்ன நாள்களில் மூன்று மாடியும் சேர்ந்து உச்சுக்கொட்டியது தங்களுக்குக் கேட்டிருக்கும்.

எதிர்வீட்டுத் தங்கம் அக்கா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் தங்களிடம் கேட்டார்: "ஏன் டாக்டரம்மா, இம்புட்டுத் தூரம் பாக்குத சாட்டிலைட்டு, நம்ம மாடியில காயுத வடகத்தப் பாக்காதாக்கும்?" தாங்கள் சொன்னீர்கள்: "வடகமா? நம்ம மொட்டமாடியே அதுக்கு ரெண்டு புள்ளிதான்." அன்று தொட்டு எங்களுக்கு ஒரு மனத்தாங்கல். எனினும், அடுக்ககச் சங்கச் செயலாளரின் அதிகாரம் முழுவதும் அந்த இரண்டு புள்ளிக்குள் அடக்கம் என்பதில் சிலருக்கு ஆறுதல்.

வேப்பிலை விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் மானமுள்ளவர்கள் எழுதிய மடலாகிவிடும். எனவே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. தங்கள் பேச்சின் முன்பாதியை மேல்வீட்டு மிக்சி தின்றுவிட்டது. மிச்சம்தான் எங்கள் காதில் விழுந்தது: "மேலதான் இருந்துச்சு. இப்ப கீழ எறங்கிடுச்சு. ரெண்டு பக்கமும் செவந்து கெடக்கு. வெயில் தணியற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது." ஐயா 'ம்' என்றார், பலவீனமாக. பலவீனம் அவர் வாயிலிருந்த முறுக்கினால் என்பது பின்னால் தெரிந்த செய்தி. வெயில் காலம், உடம்பெல்லாம் சிவப்பு, இறங்குகிறது என்றால் வேறென்ன? அம்மை! தங்கம் அக்கா விடிவதற்குள் தெருமுனை மரத்தில் கொத்து ஒடித்து வந்து தங்கள் நிலைப்படியில் வேப்பிலை செருகினார். மூன்றாம் மாடி பீர் முஹம்மது பாய் மாடிப்படியில் சத்தம் போட வேண்டாமென்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் வீட்டம்மா அஸ்மத்துன்னிசா இளநீர் வாங்கி வைத்தார். கீழே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் டில்லிபாபு, தங்கள் வீட்டுத் துணியை மட்டும் தனியாக ஒரு மூட்டையாக ஒதுக்கினார்.

கதவைத் திறந்தீர்கள். வேப்பிலையைப் பார்த்தீர்கள். இளநீரைப் பார்த்தீர்கள். படிக்கட்டில் கைபிசைந்து நின்ற எங்களைப் பார்த்தீர்கள்.

"இன்னாக்கா இது?"

"ஐயாவுக்கு அம்மைன்னாவளே..."

"ஆரு சொன்னா?"

யார் சொன்னார் என்ற கேள்விக்கு எங்கள் அடுக்ககத்தில் என்றைக்கும் விடை கிடையாது. திட்டப்போகிறீர்கள், சிந்தாதிரிப்பேட்டை வெளிவரப்போகிறது என்று நாங்கள் ஆவலோடு காத்திருந்தோம். தாங்களோ அந்த வேப்பிலையைப் பிடுங்காமல், ஒரு கொழுந்தை மட்டும் கிள்ளிக் கையில் உருட்டியபடி, "அம்மதான். ஆனா எங்க வூட்டுக்கு இல்ல, மலைக்கு" என்றீர்கள்.

அன்று தங்கள் அலுவலகம் தாமதமாகத் திறந்தது என்றால் காரணம் நாங்கள். எங்களைத் திரட்டி இதே மொட்டைமாடிக்கு அழைத்து வந்தீர்கள். வெப்பம் தணிக்க வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டு, அடுத்த மழையிலேயே பாசி பிடித்துக் கறுத்துப்போன தளம். "பாய், பெயிண்ட் அடிச்ச புதுசுல ஒங்க வூடு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். "ஏசி வேணாம்மா, அப்படி இருந்துச்சு. இப்ப அடுப்பு" என்றார் பாய். "அதான் அங்கயும். வெள்ளையா இருந்தா வெயில திருப்பி அனுப்பும். கறுத்தா, செவந்தா, உள்ள இழுத்துக்கும். ஒங்க வூட்டுல ஒங்களுக்கு வேர்க்குது. அங்க மல வேர்க்குது. அந்த வேர்வைய நம்பித்தான் கீழ வயலு, கீழ ஊரு. வேகமா வேர்த்துடுச்சுன்னா பின்னால அவங்களுக்கு என்னா மிச்சம்?" பெரிய மேடைகளில் தாங்கள் என்ன பேசினீர்களோ, நாங்கள் அறியோம். எங்களுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே தளத்தைத் தேய்த்துக் கழுவும் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் மட்டும்தான் நிறைவேறியது என்பதைத் தங்கள் பாதங்களே இப்போது உணரும். வழுக்கும், பார்த்து அமர்க!

இவ்வளவும் புகழ்ச்சி. இனிப் புகார்.

ஆவணியில் அந்தப் பனியாற்றுக்கு ஒரு குழு போகிறது. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சிவப்பை யாரும் கையால் தொட்டதில்லை. தங்கள் அறிக்கைகளில் எல்லாம் அது பாசியாக 'இருக்கக்கூடும்' என்றே நிற்கிறது. இம்முறை பனியை அள்ளி, குப்பியில் அடைத்து, உருப்பெருக்கியில் வைத்து, 'இருக்கக்கூடும்' என்பதை 'இருக்கிறது' என்று ஆக்கப் போகிறார்கள். பணி ஓய்வு பெற்றாலும் வாருங்கள், வழிகாட்டத் தாங்கள் வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். நாளை திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தாங்கள் இன்னும் சொல்லவில்லை. எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். பால்கனி.

"போகலன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்?"

"நான் வர லேட்டாச்சுன்னு தேடிக்கினு எறங்கி, படில வுழுந்தீங்களே. மறந்துடுச்சா?"

"விழுந்தது நான். வலிச்சது எனக்கு. மறக்காம வெச்சிருக்கிறது நீ."

"சின்னப் பசங்க போறாங்க. அவங்க அள்ளினு வருவாங்க."

"அள்ளிட்டு வருவாங்க. எனக்கு யார் வந்து சொல்லுவா? இத்தன வருஷமா நீ மேலேர்ந்து பாத்ததத்தான் சொல்லியிருக்க, தமிழு. ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்துட்டு வந்து சொல்லு. அது தர்பூசணி வாசம் அடிக்கும்னு வேற மலைல பாத்த எவனோ எழுதியிருக்கான்னியே? சாட்டிலைட்டுக்கு மூக்கு ஏது? நீ போய் மோந்து பாத்துட்டு வா."

பிறகு தாங்கள் 'சாப்ட வாங்க' என்றீர்கள். அது சம்மதமா, மறுப்பா என்பதில் எங்களுக்குள் இரு கட்சி.

ஒரு கட்சிக்குச் சான்று கிடைத்தது. தங்கம் அக்காவின் கணவர் வெள்ளைத்துரை அண்ணாச்சிக்குத் தி. நகரில் துணிக்கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், வியர்வை வடிய வடிய ஓர் அம்மையார் கம்பளிப் பிரிவில் நின்று குரங்குக் குல்லாய் ஒன்றை எடுத்தாராம்; உள்ளே கைவிட்டுப் பார்த்தாராம்; மடித்தாராம்; திரும்ப வைத்துவிட்டாராம்; வாசல்வரை போய், வந்து, மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனாராம். "சென்னையில ஆடி மாசம் குரங்குக் குல்லாயைத் தடவிப் பாக்குத ஆளு போவணும்னு நெனைக்காத ஆளா?" என்று அண்ணாச்சி கேட்டார். அதிகாலையில் யாரோ நம் படிக்கட்டில் கீழிருந்து மேலாக மூச்சு வாங்க ஏறி ஏறி இறங்குவதும் பால்காரர் வாயிலாக நாங்கள் அறிந்ததே.

ஆகவே, தாங்கள் ஊரில் இல்லாத நாள்களுக்கு ஓர் ஒத்திகை பார்த்தோம். தங்களைக் கேட்காமல்தான். பொறுப்பு ஒப்படைக்கத் தாங்கள் அலுவலகத்தில் தங்கிவிட்ட அன்று, ஐயா கதவைத் திறந்துவிட, டில்லிபாபுவை மட்டும் உள்ளே அனுப்பித் தங்கள் பால்கனியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். பனியாறு இல்லாவிட்டால் என்ன, தெரு இருக்கிறதே.

"சார், ஒரு ஆட்டோ வர்து."

"என்ன நிறம்?"

"ஆட்டோ இன்னா நெறம் சார் இருக்கும்? மஞ்சாதான்."

"எந்த மஞ்சள்? எலுமிச்சையா, சாமந்தியா?"

"இஸ்திரி போட்டுக்கினு இருந்தவன இட்டாந்து குந்த வெச்சு இன்னா கேள்வி கேக்குற நைனா! இரு, கிட்ட வரட்டும்... கல்யாணத்துல குட்த்த மஞ்சப் பைய நாலு தபா தோச்சா மாதிரி கீது சார்."

ஐயா சிரித்தார். படிக்கட்டில் நின்றிருந்த நாங்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டோம். "அடுத்து என்ன வருது?" என்றார். டில்லிபாபு துணியை மறந்து பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார். பாயின் வெள்ளைச் சட்டை ஒன்று அன்று வண்டியில் கருகியது. அது அறிவியலுக்கு அளித்த காணிக்கை.

ஆகையால் அம்மையீர், கேளுங்கள். கண்சொட்டு மருந்து, பாய் விடியற்காலைத் தொழுகைக்கு இறங்கும்போது ஒன்று, இரவுத் தொழுகைக்குப் போகும்போது ஒன்று. அவர் தொழுகை தவறினாலும் தவறும், மருந்து தவறாது என்று அவரே சொன்னார். அஸ்மத்துன்னிசா முறைத்ததும் இரண்டுமே தவறாது என்று திருத்திக்கொண்டார். சாப்பாடு தங்கம் அக்கா. உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். ஐயா பொறுத்தருள ஒப்புக்கொண்டிருக்கிறார். படிக்கட்டின் ஓரம் நெடுகக் கைப்பிடிக் கம்பி நேற்றே பதித்தாயிற்று. சங்கத் தீர்மானம் ஒன்று சொன்ன வாரத்திலேயே நிறைவேறியது வரலாற்றில் இதுவே முதல் முறை. மாலைநேரப் பால்கனிக்கு டில்லிபாபு. தங்களைப் போல் வராது. ஆனால் மஞ்சளில் தேர்ந்துவிட்டார், சிவப்பு பயின்றுகொண்டிருக்கிறார்.

பொன்னாடை போர்த்துவது மரபு. தங்களிடம் அலுவலகத்தார் போர்த்திய பொன்னாடைகள் அலமாரி நிறைய இருப்பதாகத் துணி மடித்துத் தரும் வட்டாரத்தில் கேள்வி. எனவே அண்ணாச்சி கடையின் அதே குரங்குக் குல்லாயை, அதே அரக்கு நிறத்தில், தங்கள் தலையில் இப்போது சூட்டுகிறோம். புழுக்கம்தான், புகைப்படம் எடுக்கும்வரை கழற்றாதீர்கள்.

எங்களுக்கும் ஒன்று வேண்டும். தங்கள் வீட்டுச் சாவி. ஐயாவைக் கவனிக்கத்தான். அத்துடன், இத்தனை ஆண்டாகத் தாங்கள் வாசலோடு நிறுத்தியே பேசி அனுப்பிய அந்த வீட்டின் உள்ளறை எப்படி இருக்கும் என்று இவ்வடுக்ககத்துக்குப் பிறவிக்கடன் போல் ஓர் ஏக்கம் உண்டு என்பதையும் ஒளிப்பானேன்? பீரோவைத் திறக்க மாட்டோம். பெரும்பாலும்.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் தங்களுக்கு வாய்க்கட்டும் என்று வாழ்த்த எங்களுக்கும் தெரியும். அதைப் போய்வந்த பிறகு வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு, மலை ஏற மூச்சு தாங்கட்டும், மேகம் விலகட்டும், கால் வழுக்காதிருக்கட்டும். நாளைக் காலை 'வருகிறேன்' என்று ஒரு சொல் அனுப்புங்கள். போய், அந்தச் சிவப்பின் அருகே நின்று, குனிந்து, ஒரு கை அள்ளி, முகர்ந்து பாருங்கள். தர்பூசணிதானா என்பதில் மூன்றாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது.

திரும்பி வந்ததும், வழக்கம்போல் கைப்பையை இறக்காமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

என்றும் செவிசாய்த்து,
தங்கள் சம்பளமில்லாச் சக ஊழியர்கள்,
பொன்மணி அடுக்ககம், மூன்று மாடியாரும் இஸ்திரி வண்டியும்,
மேற்கு மாம்பலம், சென்னை.